குட்டைக்கு மேல் நூறு வாட் பல்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஊருக்கே தெரியும். ஆனால் குட்டையில் ஆசையாக வாங்கி விட்ட ஆயிரம் கெண்டைக் குஞ்சுகள் நாளுக்கு நாள் குறைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

குட்டையை ஒட்டி எங்கள் பம்புசெட். அதைப் பார்த்துக்கொள்கிறவன் இருசப்பன். பத்து வருஷமாக எங்களிடம் வேலை செய்கிறவன். அவன் வீட்டில் மீன் வலை உண்டு. முதல் வாரம் குஞ்சுகள் கொஞ்சம் குறைவாகத் தெரிந்ததுமே எனக்கு அவன் மேல்தான் சந்தேகம். பம்புசெட்டிலிருந்து ஒயர் இழுத்துக் குட்டைக்கு மேல் நூறு வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். ராத்திரி முழுக்க எரிந்தது. அதற்கப்புறம்தான் குஞ்சுகள் மளமளவென்று காணாமல் போயின.

"வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணு" என்றேன்.

"பண்றேன் ராணிம்மா. ஆனா பூச்சிதான் துன்னுது. நான் பாத்துக்கினுதான கீறேன்."

"பூச்சி மீனைத் துன்னுதா? யாரு காதுல பூ சுத்துற?"

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. தின்னுமா? தின்றால் எப்படித் தின்னும்? வியாழக்கிழமை காலையில் பழைய புடவையால் குட்டையை வாரினேன். புளியங்கொட்டை நிறத்தில், விரல் நீளத்துக்குத் தட்டையாக ஒரு பூச்சி சிக்கியது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதையும் இரண்டு குஞ்சுகளையும் விட்டேன்.

பூச்சி தலைகீழாக, வால் நுனி மட்டும் தண்ணீர் மட்டத்தைத் தொட, சும்மா தொங்கியது. செத்துவிட்டதோ என்று நினைத்தேன். ஒரு குஞ்சு பக்கத்தில் வந்தது. முன்னங்கால் இரண்டாலும் ஒரே பிடி. மூக்கை அதன் உடம்பில் செருகிவிட்டு அசையாமல் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து சோறு அடிபிடித்த வாசனை வந்தும் நான் நகரவில்லை. கடைசியில் குஞ்சு, சப்பிப் போட்ட மாம்பழத் தோல் மாதிரி அடியில் விழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

பாட்டிலோடு இருசப்பன் வீட்டுக்கே போனேன். மறுநாளைக்கு வாங்கிய கற்பூரப் பொட்டலம் மாடத்தில் இருந்தது.

"சத்தியம் வேணாம் இருசப்பா. என் புத்திய செருப்பால அடிக்கணும்."

அவன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெளிச்சம் கண்டா இதுங்க எங்கெங்க இருந்தோ பறந்து வரும்மா. அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க காது குடுக்கல. அந்த பல்ப இன்னாத்துக்கும்மா கட்டினீங்க?"

மழுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை.

"உன்னப் புடிக்கத்தான்."

அவன் மாடத்திலிருந்து கற்பூரத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

"நாளைக்கு நீங்க போய் ஏத்துங்கம்மா."