சங்கத் தலைவர் கேட்ட தாலர்

எங்கல்பெர்ட்டை அடக்கம் செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஹார்ட்விக் வந்து வாசல் மணியை அடித்தார். சால்ஸ்பர்க் நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தின் தலைவர். அடக்கத்துக்கு வராதவர். வால்ட்ராட் அவரை உட்காரச் சொல்லவில்லை, அவராகவே உட்கார்ந்தார்.

அவள் கணவர் எங்கல்பெர்ட் நாற்பது வருடமாகச் சேர்த்ததெல்லாம், பேராயர்கள் இந்த ஊரை ஆண்ட காலத்தில் அடித்த வெள்ளிக் காசுகள். பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதும் தட்டுத் தட்டாக எடுத்து வைத்தாள். ஹார்ட்விக் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. உப்புத் தொட்டியை ஏந்திய புனித ருபெர்ட் பொறித்த பெரிய தாலர் காசு ஒன்றை மட்டும் விளிம்பைப் பிடித்து எடுத்தார்.

"இது போதும். விலையை நீங்களே சொல்லுங்க."

வால்ட்ராட்டுக்கு உடம்பு பற்றி எரிந்தது. பதினொரு வருடத்துக்கு முன் சங்கக் கூட்டத்தில் இதே தாலரைத்தான் அவர் அத்தனை பேர் முன்னால் அடித்த காசல்ல, உருக்கி வார்த்த போலி என்று சொல்லிச் சிரித்தார். வார்த்த பிசிறை மறைக்க விளிம்பில் அரம் போட்ட தடம் இருக்கிறதாம். எங்கல்பெர்ட் அப்போதே எழுந்து வந்தவர்தான், திரும்பப் போகவே இல்லை. கூட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் சமையலறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரிடமாவது கொடுத்துச் சோதியுங்கள் என்று அவள் கெஞ்சினாலும், அந்த ஹார்ட்விக்குக்கே உண்மை தெரியும் என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

"போலிக்கு எதுக்கு விலை பேசுறீங்க, தலைவரே?"

"புதுசா சேர்றவங்களுக்குக் காட்ட ஒண்ணு வேணும்."

"பொய். உண்மையச் சொல்லுங்க, அப்புறம் யோசிக்கிறேன்."

ஹார்ட்விக் தாலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆசை ஜெயித்தது.

"நல்ல காசுதான். அன்னிக்கே தெரியும். மியூனிக் ஏலத்துல எனக்கு வர வேண்டியதை உங்க வீட்டுக்காரர் தட்டிட்டுப் போயிட்டார்."

முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை. அவள் அதை அவர் விரல்களிலிருந்து பிடுங்கினாள்.

"யோசிச்சுட்டேன். கெளம்புங்க."

அந்தச் சனிக்கிழமையே சங்கம் கூடும் உணவு விடுதிக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். ஹார்ட்விக் மறுக்கவில்லை. மற்றவர்கள் தங்கள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய கதை, விட்டுவிடலாமே என்றார் ஒருவர். இந்தக் கூட்டத்தின் பேச்சுக்காகவா அந்த மனுஷன் பதினொரு வருடம் புழுங்கினார் என்று, செத்துப்போனவர் மேலும் கோபம் வந்தது அவளுக்கு.

ஹார்ட்விக்குக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காசெல்லாம் இப்ப என்னுது. நானும் உறுப்பினர்தான். இனி எல்லாக் கூட்டத்துக்கும் வருவேன்."

மற்றவர்கள் தடுக்காமல், அவளை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். வால்ட்ராட் ஈரல் உருண்டை சூப் கொண்டுவரச் சொல்லி, நிதானமாகக் குடித்தாள்.