அழுக்கு என்று எடுத்துக்கொள்

சென்சார் முன்னால் கையை நீட்டினாள் ஏஞ்சலின். சிவப்பு விளக்கு எரிந்தது. இழுத்துக்கொண்டாள், பச்சை எரிந்தது. சிவப்பென்றால், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் நிற்கும், பச்சையென்றால் இறங்கும். கவரைப்பேட்டைக் கல்லூரியின் அந்த ஆய்வகத்தில் பிரஸ் கிடையாது. அதன் மூளையாக இருந்த பெட்டி, குறுக்கே கை வந்தால் கண்டுகொள்ளும் சென்சார், இரண்டு விளக்குகள், அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டி பழைய இரும்புக் கடையில் சுமலதா மேடம் வாங்கி வந்தவை.

மேடத்தின் பாடம் அப்படித்தான். புதிதாக புரோகிராம் எழுதச் சொல்லமாட்டார். யாரோ எழுதி மறந்துபோனதைக் கையில் கொடுத்து, "இத எழுதினவன் என்ன நெனச்சான்னு கண்டுபிடிங்க" என்பார்.

பெட்டியில் ஒட்டியிருந்த தொழிற்சாலைப் பெயரைப் பார்த்ததிலிருந்து ஏஞ்சலினுக்குச் சோறு இறங்கவில்லை. அங்கிருந்த எல்லா பிரஸ்ஸுக்கும் இதே பெட்டிதான். அப்பா எட்வர்ட் வலது கையின் மூன்று விரல்களை அங்கேதான் விட்டுவிட்டு வந்தார். விசாரணைக்கு வந்தவர்கள் கையை நீட்டிப் பார்த்தார்கள், மெஷின் நின்றது. 'தொழிலாளியின் அவசரம்' என்று எழுதி வேலையை விட்டும் அனுப்பினார்கள். கிளம்புகிற பஸ்ஸைக்கூட ஓடிப் பிடிக்காத மனிதர். ஆனாலும் அம்மா நம்பினாள். ஏஞ்சலினும் நம்பினாள்தான்.

பெட்டிக்குள் இருந்தவை இயந்திரத்துக்கு மட்டும் புரிகிற கட்டளைகள். அவற்றைக் கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள். கை உள்ளே இருக்கும்வரை ஏதோ ஓர் எண் ஏறிக்கொண்டே போனது. ஓர் அளவுக்கு ஏறியதும் கட்டளை வேறு பக்கம் தாவியது. வகுப்பில் யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

"பரசு, கைய உள்ளயே வச்சுக்கினு யாராவது பாத்தீங்களா?"

"லூசா நீ? வச்சா நிக்குது, எடுத்தா ஓடுது. அதோட குடும்பமா நடத்தப் போற?" என்றான் கூடப் படிக்கும் பரசுராமன்.

அவள் கையை நீட்டி அப்படியே வைத்திருந்தாள். சிவப்பு. சிவப்பு. பிறகு சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. கை உள்ளேயே இருந்தது.

பரசுராமனின் சிரிப்பு பாதியில் நின்றது. மேடம் வந்து திரையைப் படித்தார்.

"எண்ணெயும் இரும்புத்தூளும் படிஞ்சு சென்சார் மறையும், மெஷின் சும்மா சும்மா நின்னுபோகும். அதுக்காக..." அவர் குரல் இறங்கியது. "ரொம்ப நேரம் மறைச்சா அது கை இல்ல, அழுக்குன்னு எடுத்துக்கோன்னு எழுதியிருக்கான்."

கையை எடுக்கத் தோன்றாமல், ஏஞ்சலின் இடது கையால் வீட்டுக்கு போன் போட்டாள்.

"நைனா, அன்னிக்கு கைய எவ்ளோ நேரம் உள்ள வச்சிருந்த?"

"இன்னாத்துக்கும்மா அது இப்போ?"

"சொல்லு நைனா."

"தகடு கோணலா உக்காந்துக்கினு இருந்துது. செவப்பு எரியுதேன்னு மெதுவா நேராக்கிக்கினு இருந்தேன். அவசரம்னு சொன்னாங்களே. அவசரப்பட்டிருப்பேன் போல."

பச்சை நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. வெறும் விளக்குதான் என்று தெரிந்தும் பரசுராமன் பாய்ந்து வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தான்.