வாசலில் தேங்கிய தண்ணீர்

தையற்காரம்மாவின் வீட்டுக்குள் கணுக்கால் உயரத்துக்குச் செஞ்சேறு கிடந்தது. மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை வாரி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். மேட்டில் பெரியவர் எழுப்பும் கட்டடத்துக்குப் பொறியாளரான அவர் மகள் சுவரில் சேறேறிய உயரத்தை நாடாவால் அளந்தாள். பெரியவர் மட்டும் குடையை ஊன்றிக்கொண்டு வாசற்படியிலேயே விறைப்பாக நின்றார்.

"எங்க மண்ணுன்னு எப்படிச் சொல்றே? வேற யாரும் கட்டடம் கட்டலையா?"

"கட்டறாங்கய்யா," என்றாள் தையற்காரம்மா. "செம்மண் மேட்டைத் தோண்டிப் போட்டிருக்கறது நீங்கதான். சந்தேகமா இருந்தா உள்ளங்கையில ஒரு உருண்டை வைக்கறேன், நாக்குல வச்சுப் பாருங்க."

"நாப்பது வருஷமாக் கட்டறோம். எங்களால அடுத்தவங்க வீட்டுக்குள்ள ஒரு கூடை மண்ணு போனதில்லை."

"இப்ப எத்தனை கூடைன்னு உங்க மேஸ்திரியைக் கேளுங்க."

மேஸ்திரி நிமிரவில்லை. அது பெரியவருக்கு உறுத்தியது.

முந்தின நாள் மதியம் மழை விட்டிருந்தது. கட்டட வாசலில் குளம்போலத் தண்ணீர். பெரியவரின் புது சம்பந்தி வேலையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் காரை விட்டிறங்கிச் சேற்றுத் தண்ணீரில் கால் வைப்பதா? பெண் கொடுத்த இடத்தில் தலை நிமிர முடியுமா? மகள் வெளியே போயிருந்தாள். வடிகாலின் கம்பி மூடியைத் தூக்கச் சொன்னார். அடியில் தொங்கிய வடிகட்டித் துணிப்பை மண் நிரம்பிக் கனத்திருந்தது. "பெரியய்யா, பாப்பா போட்டது. தண்ணி நின்னுதான் போகணும்னு சொல்லுச்சு" என்றார் மேஸ்திரி. "நான் சொல்றேன், எடு." எடுத்ததும் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் வாசல் துடைத்துவிட்டாற்போல ஆனது. சம்பந்தி பளபளக்கும் காலணியோடு இறங்கி, "சுத்தமா வச்சிருக்கீங்க" என்றபோது பெரியவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த மிதப்பில் பையைத் திரும்பக் கட்டச் சொல்லவே மறந்துபோனார். மாலையில் அடித்த மழை மேட்டு மண்ணையெல்லாம் கரைத்து வடிகால் குழாய்க்குள் தள்ளியது. பள்ளத் தெருவின் வளைவில் குழாய் அடைத்துக்கொள்ள, தண்ணீர் இந்த வீட்டைத் தேடி வந்தது.

மகள் நாடாவைச் சுருட்டினாள்.

"அண்ணே, துணிப்பையைக் காணோம். யாரு கழட்டினது?"

பெரியவர் தெருவைப் பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"நான்தான் பாப்பா," என்றார் மேஸ்திரி. "தண்ணி தேங்குச்சேன்னு எடுத்துட்டேன்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

மேஸ்திரி தலையாட்டிவிட்டு மறுபடி சேற்றை வாரினார். தன்னை ஒருமுறையாவது நிமிர்ந்து பார்ப்பார் என்று பெரியவர் காத்திருந்தார். பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. மேஸ்திரி காப்பாற்றிக் கொடுத்த மானம் கடிக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாயில் கிடந்தது. இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நான்தான்," என்றார். வாளிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "துணியை எடுக்கச் சொன்னது நான். அவர் வேணாம்னுதான் சொன்னார்."

மகள் திரும்பினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். விரிசல் விட்ட தூணைப் பார்ப்பதுபோல அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"எதுக்குப் பெரியய்யா இப்ப…" என்று மேஸ்திரி முணுமுணுத்தார். ஏதோ தானே பிடிபட்டுவிட்டதுபோல அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"அப்ப உள்ள வாங்க," என்றாள் தையற்காரம்மா. "செருப்பை அங்கேயே விட்டுடுங்க."

பெரியவர் செருப்பைக் கழற்றினார். சேறு சில்லென்று காலைக் கவ்வியது. முழங்கால் நெட்டி முறியக் குனிந்து கையை விட்டார். ஏதோ துணி சிக்கியது. இழுக்க இழுக்க வந்தது. ஒரு கை மட்டும் தைத்து முடித்த குழந்தைச் சட்டை. எங்கே வைப்பதென்று யாரும் சொல்லவில்லை. சேறு சொட்டச் சொட்ட அதை இரு கைகளிலும் ஏந்தியபடி நின்றார்.