தூரிகை நுனி

ருஷ்ய ஊரான ஸ்லதவூஸ்தில் எஃகின் மேல் படம் எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தூரிகை நுனி பிரிந்தால் உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்வார்கள். ரிம்மா அதை எப்போதோ தலைமுழுகிவிட்டதாகச் சத்தியம் செய்வாள். அவள் படம் எழுத, பக்கத்து அறையில் கெர்மான் பொன்முலாம் பூசுவான். பட்டறையில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான்.

முலாம் தொட்டியில் இருப்பது சயனைடு. அமிலம் பட்டால் விஷவாயு கிளம்பும் என்று அமில பாட்டில்களைக்கூட அந்த அறைப் பக்கம் கெர்மான் அண்டவிடமாட்டான். போன வாரம் வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிவிட்டான், "உன் வாயை நம்பி உன்னை உள்ள விட முடியாது, ரிம்மா." அவளுக்கு முகம் செத்துப்போனது. அன்றிலிருந்து அவள் பேச்சில் 'நீ' போய் 'நீங்க' வந்தது. வேறு பட்டறையில் இடமும் பேசிவிட்டாள். நாளைக் காலை அவள் மேசையைத் தூக்க ஆள் வருகிறது.

கடைசி வேலை ஒரு வேட்டைக் கத்தி. நிலா பொன்னாக வேண்டும், பனி வெள்ளையாகவே நிற்க வேண்டும். பொன் ஒட்டாமலிருக்க, பனியைக் கறுப்பு வார்னிஷால் மூடித்தான் கொடுத்திருந்தாள்.

"வார்னிஷ் உரியுது," என்று கெர்மான் கதவருகே வந்து நின்றான். "கத்தியைத் தொட்டியிலிருந்து தூக்கி அலசி வச்சிருக்கேன். சயனைடு பட்டதை வெளியே கொண்டுவர மாட்டேன். நீ உள்ள வந்து தொட்டுக் கொடு."

"என் வாய் உங்களுக்கு ஆகாதே, கெர்மான் யெகோரொவிச்," என்றாள், அந்நியரிடம் பேசுவதுபோல் தந்தை பெயரையும் சேர்த்து.

"அதுக்குத்தான் இது." ரப்பர் முகமூடியை நீட்டினான். "போடாம வரக்கூடாது."

"பன்றி மூஞ்சி. உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கும்."

"கட்டிக்கிட்டுத் திட்டு."

கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. கெர்மான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான். சயனைடிலிருந்து எடுத்துத் துடைத்த கத்தியில், பனியின் ஓரத்தை அவள் மயிரிழை மயிரிழையாக மூடினாள். வேலை நன்றாக வந்தது, அதில் அவளுக்குக் கர்வம்தான்.

வெளியே வந்து முகமூடியைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். வாய் இருந்த இடத்துக்கு நேர் வெளியே, ரப்பரில் ஒரு கறுப்புப் புள்ளி. இன்னும் காயாத வார்னிஷ்.

தூரிகையை உதட்டுக்கு உயர்த்திய ஞாபகமே அவளுக்கு இல்லை. எவ்வளவு தேடியும் அந்த நொடி கிடைக்கவில்லை. இத்தனை வருஷமும் செய்த சத்தியங்களில் எத்தனை இப்படித் தெரியாமலே பொய்யானவை என்று நினைக்கவே பயமாக இருந்தது. துணியால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், யாருக்கும் தெரியாது. கெர்மான் இன்னும் உள்ளேதான் இருந்தான்.

அவள் துணியை எடுக்கவில்லை. கதவைத் தட்டினாள்.

"கெர்மான், இங்க வா. இதைப் பாரு."

அவன் பார்த்தான். முக்காலியில் உட்கார்ந்தான். தான் சொன்னது பலித்துவிட்டதே என்ற சந்தோஷம் அந்த முகத்தில் துளியும் இல்லை.

"துடைச்சிடட்டுமா?" என்றான்.

"வேண்டாம். என் மேசைக்கு நேரா மாட்டு, தினமும் கண்ணுல படணும்." கையுறையைக் கழற்றினாள். "உன் போனைக் கொடு. நாளைக்கு மேசை தூக்க வர்றவங்களை வரவேண்டாம்னு சொல்லணும்."