ஆணித் தலை தெரியாத வேலி

மரத்தை வெட்டவிட மாட்டேன் என்று தம்பி சொன்ன அன்றே முடிவு செய்துவிட்டேன்: அவன் வயிறு எரிய வேண்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்தில், நட்டநடுவில் நிற்கிறது அந்தச் சனியன். பின்னால் என் தச்சுப் பட்டறை. லோடு லாரி அதைத் தாண்டி உள்ளே வராது. அத்தனை பலகையையும் தெருவிலிருந்து நான்தான் தோளில் சுமக்கிறேன். இந்த வருடமும் சுமந்தால் தோள் போய்விடும், பிறகு பட்டறையை மூட வேண்டியதுதான். பொது மரமாயிற்றே, அவன் சம்மதம் இல்லாமல் கை வைக்க முடியாது.

“அப்பா வெச்ச மரம்ண்ணே” என்று உருகுவான். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருப்பானா? நிழலில் ஈசிசேரைப் போட்டு, நான் சுமப்பதைப் பார்த்தபடி பேப்பர் படிக்க வேண்டும் துரைக்கு.

பொது மரம் என்றால் வேலி போட எனக்கும் உரிமை உண்டல்லவா? ஞாயிற்றுக்கிழமை அந்த ஈசிசேரைத் தூக்கி அவன் வாசலில் கடாசிவிட்டு, மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பலகை அடித்தேன். எனக்கே வழி குறுகியது. குறுகட்டும். ஒவ்வொரு ஆணிக்கும் அவன் மூஞ்சியை நினைத்துக்கொண்டேன். கை வலிக்கவே இல்லை.

பழிவாங்கினாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு. வெளியே ஆணித் தலை தெரிந்தால் அது வேலியா, பழப்பெட்டியா? அதனால் உள்ளே நின்றே அடித்தேன். கடைசிப் பலகையையும் அடித்துவிட்டுத் திரும்பினால், நானும் மரமும்தான்.

“என்னங்க, எப்படி வெளிய வருவீங்க?” என்றாள் வெளியே நின்ற என் மனைவி.

சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினால் பலகை கழன்றுவிடும். தம்பி பார்க்க, நான் போட்ட வேலியை நானே உடைப்பதா? அதற்கு நாண்டுகொண்டு சாகலாம். மரத்தில் ஏறினேன். வேலிக்கு வெளியே நீண்ட கிளைவரை போய்விட்டேன். கீழே பார்த்ததும்தான் உயரம் உறைத்தது. குதித்தால் இடுப்பு போய்விடும், திரும்பவும் முடியவில்லை. கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

தம்பி ஏணியோடு வந்தான். பின்னாலேயே அவன் பெண்டாட்டி, எதிர்வீட்டு டெய்லர், பாதித் தெரு. ஏணியைச் சாத்தாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“போடுடா.”

“போடறேண்ணே. மரம் இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எல்லாரும் சாட்சி.”

“டேய், பாவிப் பயலே...”

“அவசரமே இல்லண்ணே. யோசிச்சே சொல்லு.”

கை வழுக்கத் தொடங்கியது. சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் நான் சுமக்க வேண்டியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, “இருக்கட்டும்” என்றேன்.

“அண்ணி காதுல விழலையாம். சத்தமா.”