மின்சாரம் திரும்பிய மதியம்

காலையிலிருந்து காட்டுப்பாக்கத்தில் மின்சாரம் இல்லை. எப்போது வரும் என்று தெருவே காத்திருக்க, ஞானகுமாரி மட்டும் இப்போதைக்கு வந்துவிடக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் ஃபெலிக்ஸ் குத்தம்பாக்கம் பக்கம் டவர்மேல் இருந்தான். பழைய கம்பியை இறக்கிவிட்டு, அதிக மின்சாரம் தாங்கும் புதுக்கம்பி இழுக்கிற ஒப்பந்த வேலை. அதற்காகத்தான் சாயங்காலம் ஐந்து மணிவரை மின்தடை. ஏறும்போது போனை அணைத்துக் கீழே வைத்துவிடுவான். சாப்பிட இறங்கினதும் முதல் வேலையாக அவளைக் கூப்பிடுவான். இன்றைக்கு மணி இரண்டைத் தாண்டியும் கூப்பிடவில்லை.

போன வருஷம்வரை அவளுக்கு இந்தப் பயம் கிடையாது. அவனோடு வேலை பார்த்த லட்சுமணன் ஒரு தெருக்கம்பத்தில் ஏறியிருந்தபோது, எல்லாரும் இறங்கியாச்சு என்று நினைத்து யாரோ சப்ளை கொடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தான், வலது கை முழங்கையோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி அவனுக்குச் சோறு ஊட்டியதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, மின்தடை நாளில் ஞானகுமாரிக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை. துவைத்த துணியையே மறுபடி வாளியில் முக்குவாள். அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு வாசலில் நிற்பாள்.

பக்கத்து வீட்டில் மாவு அரைத்து விற்கும் கெங்கம்மாள், ஊறிக் கிடந்த அரிசியைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தாள்.

"எப்பப் பாரு இதே ரோதனையா கீது. கம்பி மாத்துறானுங்களாம், கம்பி! அரிசி நாறிப் போவப் போவுது. எப்போ உடுவானுங்கன்னு உன் ஊட்டுக்காரரைக் கேளேன்."

"அஞ்சு மணிக்குக்கா. அதுக்கு முன்னாடி வரவே வேணாம்."

"இன்னாது, வேணாமா?"

ஞானகுமாரி பதில் சொல்வதற்குள் கெங்கம்மாளின் மாவுக் கடைக் குழல்விளக்கு இரண்டு முறை கண்ணடித்து எரிந்தது. தெருப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கெங்கம்மாள் ஓடிப்போய் கிரைண்டரைப் போட்டாள்.

ஞானகுமாரி ஃபெலிக்ஸின் எண்ணை அழுத்தினாள். போன் அணைந்தே இருந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதேதான்.

"அக்கா, அவரு இன்னும் மேல கீறாருக்கா!"

கிரைண்டர் சத்தத்தில் கெங்கம்மாளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தவள், கேட்காமலே கிரைண்டரை நிறுத்தினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

"ஏறு வண்டில."

பூந்தமல்லி வந்தும் ஞானகுமாரிக்குப் போன உயிர் திரும்பவில்லை. ஜூஸ் கடையில் மிக்சி ஓடியது. துணிக்கடை வாசலில் பட்டப்பகலில் சீரியல் விளக்கு மின்னியது. எங்கே பார்த்தாலும் மின்சாரம்.

"சீக்கிரம்கா."

"பறக்கவா முடியும்? லாரிக்காரன் வழி உடணும்ல!" என்று கத்திய கெங்கம்மாள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நசரத்பேட்டையில் எதிரே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. அது மறையும்வரை ஞானகுமாரி திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

காலி மனைகளுக்கு நடுவே டவர்கள் நின்றன. அவற்றின்மேல் எறும்புபோல ஆட்கள். எல்லார் தலையிலும் ஒரே மஞ்சள் ஹெல்மெட். எது ஃபெலிக்ஸ் என்று தெரியவில்லை. வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினாள்.

"கரண்ட் வந்துடுச்சு! எல்லாரையும் இறக்குங்க!"

சூப்பர்வைசர் சம்பந்தம் கையை விரித்து மறித்தார்.

"கிட்ட வராதம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. இந்த லைன் ஆஃப்லதான் இருக்கு. ரெண்டு பக்கமும் எர்த் கட்டியிருக்கோம், தப்பித் தவறி கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள்ள போயிடும்."

"எங்க தெருவுல லைட் எரியுதே!"

"அது வேற வழியா வருது. அந்தப் பக்கம் இன்னொரு லைன் போட்டோம்ல, இன்னைக்குத்தான் அது தயாராச்சு. இனிமே ஒண்ணை நிறுத்தினா இன்னொண்ணுல குடுக்கலாம். ஊருக்கு நல்லதுதானே?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் ஞானகுமாரி. "ஊட்டுல உக்காந்துகினு லைட்டைப் பாக்குறவளுக்கு எப்படித் தெரியும்?"

சம்பந்தம் மேலே பார்த்து ஃபெலிக்ஸைக் கூப்பிட்டார்.

அவன் இறங்கி முடிக்கும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் தரையில் பட்டதும் ஓடிப்போய் அவன் கைகள் இரண்டையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிரீஸும் வியர்வையுமாக, முழுசாக இருந்தன.

"இன்னாடி இது, எல்லாரும் பாக்குறாங்க," என்றான் அவன்.

"இறங்கினதும் போன் பண்றேன்னு சொன்னல்ல?"

"இறங்கவே இல்லியே. கம்பி சிக்கிகிச்சு." சொன்னவன் அவள் ஈரக் கன்னத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தான். "லட்சுமணனை நெனச்சுகினியா?"

அவள் தலையாட்டினாள். தண்ணீர் பாட்டிலை அவனுக்கு நீட்டிய கெங்கம்மாள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவன் மறுபடி ஏறினான். வேலை பாக்கி இருந்தது.

அடுத்த வேலை நாளிலிருந்து சம்பந்தமே தன் ஆட்களின் வீடு எல்லாவற்றுக்கும் சேதி அனுப்ப ஆரம்பித்தார்: இந்த லைன் நின்றிருக்கிறது, உங்களுக்கு மின்சாரம் வேறு லைனில் வருகிறது, ஆட்கள் இறங்கிவிட்டார்கள் என்று. அந்தக் கோடையில் காட்டுப்பாக்கத்தில் மின்தடை வெகுவாகக் குறைந்தது. கெங்கம்மாள் இரண்டாவது கிரைண்டர் வாங்கினாள்.

ஃபெலிக்ஸ் இப்போது ஆவடிப் பக்கம் வேறொரு லைனில் இருக்கிறான். மின்சாரம் போனால் அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும் என்று முன்பு ஞானகுமாரிக்குத் தெரியும். இப்போது அவன் எங்கே ஏறினாலும் அவள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது; சேதி வந்தாலும் எல்லா நாளும் பயம்தான். தினமும் மதியம், "சாப்பிட்டாச்சு" என்ற அவன் குரல் கேட்ட பிறகுதான் அவள் தன் தட்டை எடுக்கிறாள்.