நட்சத்திரத்தின் நடை

முப்பத்தேழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக முக்கூடல் அரிசி மண்டி பாபநாசம் அண்ணாச்சியிடம் பூதத்தான் வாங்கியதில் நின்ற பாக்கி. மனைவியும் பிழைக்கவில்லை, கடனும் கரையவில்லை. அதே மண்டியில் மூட்டை தூக்கித்தான் கழித்துவந்தார்.

மகள் பிரேமலதாவுக்குப் பெங்களூரில் வானத்தைப் பற்றிய மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. "கடன ஒங்க தலையில வச்சிட்டுப் போவ மாட்டேம்ப்பா" என்று ஜவுளிக்கடை வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

"அங்க என்னத்தளா படிப்பாவ?"

செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சிவப்பாக, பெரிதாக. "இது வயசாகி ஊதிப்போன நட்சத்திரம்ப்பா. இதச் சுத்தி ஒரு பெரிய கோள் ஓடுது. நட்சத்திரம் இன்னும் ஊதுச்சுன்னா அத முழுங்கிரும்."

"கோள யாரு பாத்தா?"

"யாரு கண்ணுக்கும் தெரியாது. அது இழுக்கதுல நட்சத்திரம் லேசா ஆடும். அத வச்சுத்தான் கண்டுபிடிக்காவ."

பூதத்தான் சிரித்தார். "இதுக்கு எதுக்குளா பெங்களூரு? தூரத்துல வாரவன் நடையப் பாத்தே, சொமை எத்தன கிலோன்னு நான் சொல்லிருவேனே."

ஆனால் அந்த 'முழுங்கிரும்' அவரை விடவில்லை. வயசான தானே மகளை முழுங்குவதாகப் பட்டது. மறுவாரமே, அண்ணாச்சி கடனைத் தள்ளிவிட்டார் என்று மகளிடம் பொய் சொன்னார்.

திருநெல்வேலி ஜங்ஷனில் மகளை ரயிலேற்ற, அவள் பெட்டியைத் தலையில் வைத்து முன்னால் நடந்தார். இடுப்பு குத்தியது. கால் பிசகாமல் பார்த்துக்கொண்டார்.

"எப்பா, நட சரியில்லயே."

"பொஸ்தகமா அடைச்சிருக்க. கனம்."

புத்தகப் பை அவள் தோளில்தான் கிடந்தது.

இரண்டாம் வருடப் பொங்கலுக்கு லீவு தரவில்லை என்று போனில் சொன்னாள். மாசியில் பூதத்தான் ஐந்நூறு ரூபாயோடு அண்ணாச்சி முன் நின்றார்.

"உள்ள வையும் வே. ஒம்ம கணக்கு முடிஞ்சிட்டு."

"பதினோராயிரம் நிக்கில்லா, அண்ணாச்சி?"

"ஒம்ம மவ அனுப்பிட்டா. சின்னப் பிள்ளையளுக்குப் பாடஞ் சொல்லிக் குடுத்துச் சேத்தாளாம். பொங்கலுக்கு ஊருக்கு வர வச்சிருந்த துட்டும் அதுல உண்டு." அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "கனம் பெட்டியில இல்லன்னு ஜங்ஷன்லயே தெரியுமாம் அவளுக்கு. எங்கிட்ட போன் போட்டுக் கேட்டா. என்னால பொய் சொல்ல முடியல."

பூதத்தான் ரூபாயை மடியில் செருகிக்கொண்டு, வாசல் நிலையைப் பிடித்துப் பைய இறங்கினார். இனி யாருக்காக நிமிர்ந்து நடக்க? ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்தே தெருவில் போனார்.

அண்ணாச்சி அவர் பெயருக்குக் குறுக்கே கோடு இழுத்து நோட்டை மூடினார்.